புளிக்க மறுத்த கிம்ச்சி

வாருங்கள், வாசகப் பெருமக்களே, வந்து பாருங்கள்! இரு கண்களையும் அகலத் திறந்துகொண்டு இந்த அநியாயத்துக்குச் சாட்சியாக நில்லுங்கள்!

கொரியாவின் சேம்கோல் ஊர்ப் பொதுமன்றத்தின் வாசலில் ஒரு துணிப் பதாகை படபடக்கிறது. 'எங்கள் மலையில் வெந்நீர் ஊற்று! மனமார்ந்த வாழ்த்துகள்!' என்று சிவப்பு எழுத்துகளில் முழங்குகிறது. அதற்கு நேர் கீழே, லாரி கொண்டுவரும் குடிநீருக்காக ஊரே வாளியோடு வரிசையில் நடுங்கிக்கொண்டு நிற்கிறது. இலையுதிர் காலத்தில் ஊர்க் கிணறு வற்றியது. குழாய்கள் சில நாட்கள் இருமின. பிறகு அந்த இருமலும் நின்றது.

மலையடிவாரத்தில் 'உலர்மலர்' அழகுப்பொருள் ஆலை பளபளத்துக்கொண்டிருக்கிறது. முகம் கழுவத் தூள், பூசிக்கொள்ளக் கட்டி கிரீம், ஈரக் கையில் கரையும் மாத்திரை என்று அது எதைச் செய்தாலும் அதில் ஒரு சொட்டு நீர் கிடையாதாம். அதுவே அதன் பெருமை. அதற்கே அந்த விலை. சியோல் நகரத்துச் சீமாட்டிகள் அதை வாங்கிப் பூசிக்கொண்டு, பூமியின் தாகத்தைத் தாங்களே தணித்துவிட்டதாகக் கண்ணாடி முன் நின்று தங்களைத் தாங்களே மெச்சிக்கொள்கிறார்கள். வாசலில் ஆடும் அந்தப் பதாகையும் ஆலை மேலாளர் தோ ஜெயுன் அன்பளிப்பாகத் தைத்துக் கொடுத்ததுதான்.

நீரின்றிப் பொருள் செய்யும் ஆலையும் நீரின்றித் தவிக்கும் ஊரும் ஒரே மலையின் மடியில் கிடக்கின்றன. இரண்டுக்கும் ஏதாவது உறவு இருக்குமோ என்று ஊரில் ஒருவருக்காவது ஐயம் வந்ததா? வரவில்லை! அவர்கள் கண்டுபிடித்த குற்றவாளி, ஸ்ட்ராபெர்ரி பயிரிடும் கியோங்தெ என்பவர். பனி பெய்யும் இரவுகளில் தம் பிளாஸ்டிக் கூடாரங்களின்மேல் வெதுவெதுப்பான நிலத்தடி நீரை மழையாகப் பொழியவிட்டுச் செடிகளைக் காப்பவர் அவர். அந்த வட்டாரத்தில் எல்லாப் பண்ணைகளும் செய்வதுதான். ஆனாலும் ஊர்க் கிணற்றைக் குடித்தவர் அவரே என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. இன்று ஞாயிற்றுக்கிழமை, பிற்பகலில் ஊர்க்கூட்டம். அவருடைய பம்பைக் கம்பியால் கட்டி முத்திரை வைக்கப் போகிறார்கள். வைத்துவிட்டால் இன்றிரவுப் பனியிலேயே அத்தனை செடியும் கருகும்.

அதைத் தடுக்கத்தான் கியோங்தெயின் அழைப்பில் சுன்சியோன் நகரத்திலிருந்து துப்பறியும் பெண்மணி மா யோன்சுக் வந்திருந்தார். காப்பீட்டுக் கம்பெனிக்காகப் பொய்யான தீ விபத்துகளை மோப்பம் பிடித்துப் பழகிய மூக்கு அவருடையது. கூடவே உதவியாளன் கு போங்சிக். அவன் வாயை மூடினால் வயிறு பேசும். வயிற்றை நிரப்பினால் வாய் பேசும்.

கியோங்தெயின் சமையலறையில் மூவரும் காலைச் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தார்கள்.

"கிணறு வத்தினது இலை உதிர்ற காலத்துலங்க. நான் கூடாரத்து மேல தண்ணி விட ஆரம்பிச்சதே பனி விழுந்தப்புறம்தான்" என்றார் கியோங்தெ. "சொன்னா யாரு கேக்கறாங்க? முன்கூட்டியே குடிச்சு வச்சுக்கிட்டேனாம். நான் என்ன ஒட்டகமா?"

"ஒட்டகம்னா வாடகைக்கு விட்டாவது பிழைச்சிருப்பீங்க அண்ணே" என்றான் போங்சிக், காரம் தடவிப் புளிக்கவைத்த கோஸ் ஊறுகாயான கிம்ச்சியில் ஒரு துண்டை வாயில் போட்டபடி. உடனே அவன் ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. "அடேயப்பா! என்னா புளிப்பு! காதுக்குள்ள மணி அடிக்குது!"

"நவம்பர் கடைசியில போட்டது. இப்போ புளிக்காம எப்போ புளிக்கும்?"

"கோஸை எங்க கழுவினீங்க?" என்று கேட்டார் யோன்சுக்.

"என் பம்பு தண்ணியிலதான். மத்தவங்க எல்லாம் மலை ஊத்துத் தண்ணி ஓடுற வெந்நீர் ஓடைக்குப் போனாங்க. என்னை அந்தப் பக்கமே அண்ட விடல."

யோன்சுக் தாமும் ஒரு துண்டை எடுத்து மென்று பார்த்தார். புறப்படும்போது அந்தக் கிம்ச்சியில் ஒரு கிண்ணம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"சாப்பிட்டீங்களா?" என்பதுதான் அந்த ஊரில் வணக்கம். விசாரிக்கப் போன வீடுகளிலெல்லாம் பதிலுக்குக் காத்திராமல் சாப்பாட்டு மேசை வந்து முன்னால் நின்றது. முதலில் சாங்கு அம்மா வீடு. அவர் கிம்ச்சியில் சிப்பி சேர்ப்பவர். அடுத்தது தபால்காரர் வீடு. அவர் மனைவி கிம்ச்சிக்கு உப்பிட்ட நெத்திலி ஊறலைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். கடைசியாக மாதர் சங்கத் தலைவி பாங் மால்சுன் வீடு. வாளைமீன் ஊறலில் தமக்கு நிகர் எவரும் இல்லை என்று மேடையேறிச் சொன்னவர். கியோங்தெயின் பம்புக்கு முத்திரை வைக்க வேண்டும் என்று முதலில் குரல் கொடுத்தவரும் அவரே. இந்த மூவரும் யார் கைப்பக்குவம் உயர்ந்தது என்ற ஒரே வழக்கில் கல்யாணமான நாள்முதல் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருப்பவர்கள்.

"கியோங்தெக்கு வேலை பாக்கறவங்களா இருந்தாலும் வெறும் வயித்தோட என் வாசலைத் தாண்ட விடமாட்டேன். உக்காருங்க" என்றார் மால்சுன்.

போங்சிக் ஒரு வாய் வைத்தான். "தலைவியம்மா, பிரமாதம்! இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?"

"வாளைமீன் ஊறலாச்சே. சுத்துப்பட்டு ஊர்ல எவளுக்கு வரும் இது?" என்ற மால்சுன் எழுந்தார். பின்கட்டில் ஆளுயரக் கிம்ச்சி ஃப்ரிட்ஜ் ஒன்று கம்பளி போர்த்தி நின்றது. அதை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. சமையலறை மூலையிலிருந்த சின்ன டப்பாவிலிருந்து எடுத்து வந்தார்.

"கிம்ச்சி போட்டப்போ ஓடைத் தண்ணி கைக்கு இதமா இருந்துச்சா அக்கா?" என்று யோன்சுக் பேச்சோடு பேச்சாகக் கேட்டார்.

"அதை ஏன் கேக்கறீங்க! காலங்காலமா ஐஸ் தண்ணியில கை விறைச்ச கூட்டம் நாங்க. மலை பாத்து வெந்நி குடுத்துச்சு. மலைச்சாமிக்குப் பன்னித் தலை வச்சுப் படையல் போட்டோம்ல? முதல்ல ஒரு ஞாயித்துக்கிழமை போய் விறைச்சுத் திரும்பினோம். மறுநாள் போனா சுடச்சுட ஓடுது. மலைச்சாமிக்கும் வாரம் ஒரு நாள் லீவு வேணும்போலன்னு சிரிச்சுக்கிட்டோம்."

"ஊற்றை நேர்ல பாத்தீங்களா?"

"வேலி போட்டுருக்காங்களே. ஊற்று அசுத்தமாயிடக் கூடாதுன்னு மேனேஜர் அவர் காசுல போட்டுக் குடுத்தாரு. தங்கமான மனுஷன்."

தெருவுக்கு வந்ததும் போங்சிக் இடுப்பு வாரைத் தளர்த்தினான்.

"அக்கா, எனக்கு ஒரு சந்தேகம். எங்க அம்மாவும் சித்தியும் ஒரே வீட்டுல, ஒரே உப்புல போட்டாலே ரெண்டு கிம்ச்சியும் ஒண்ணையொண்ணு பாத்து மொறைக்கும். இங்க மூணு வீட்டுலயும் ஒரே ருசி! சிப்பியும் இல்ல, நெத்திலியும் இல்ல, வாளையும் இல்ல. சர்க்கரைதான் இருக்கு."

"ருசியை விடு. உள்ள இருந்த முள்ளங்கியைப் பாத்தியா?"

"தின்னேன். பாக்கல."

"மூணு வீட்டுலயும் ஒரே தடிமன், ஒரே நீளம். எந்தக் கத்தி அப்படி வெட்டும்?"

போங்சிக் நின்றான். அவன் முகம் வெளுத்தது. "அக்கா... கடையில வாங்கினதா?" என்று கிசுகிசுத்தவன், தெருவின் இரு பக்கமும் பார்த்தான். "சத்தமாச் சொல்லிடாதீங்க. இந்தப் பக்கத்துல இதுக்குக் கொலையே விழும்!"

"போட்ட கிம்ச்சி கெட்டுப்போயிருந்தா நாத்தம் காட்டிக் குடுத்திருக்கும். கெடல. புளிக்கவும் இல்ல. போட்ட அன்னிக்கு இருந்த மாதிரியே செத்த பிணமாக் கிடக்குது. அதை எப்படிப் பரிமாறுறது? ஒவ்வொருத்தரும் தன் கைதான் போச்சுன்னு நினைச்சுக்கிட்டு, அடுத்த வீட்டுக்குத் தெரியாம டவுனுக்குப் போய் வாங்கிட்டு வந்து, தன்னோடதுன்னு டப்பாவுல போட்டு வச்சிருக்காங்க."

பார்த்தீர்களா, வாசகர்களே! ஒரே துன்பம் ஊரின் எல்லாச் சமையலறைகளிலும் புகுந்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு சமையலறையும் கதவைச் சாத்திக்கொண்டு தனித்தனியே வெட்கப்படுகிறது! அடுத்த வீட்டுக்காரியிடம் ஒரு வார்த்தை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அன்றைக்கே திருடன் பிடிபட்டிருப்பான். சுரண்டுகிறவனுக்கு இதைவிடப் பெரிய காவல்படை எதற்கு? ஏமாந்தவர்களின் வெட்கம் இருக்கிறதே, அது போதும். அவன் கால்மேல் கால் போட்டுத் தூங்கலாம்.

"அப்போ ஓடைத் தண்ணிதானா?" என்றான் போங்சிக். "மன்றத்துல போட்டு உடைச்சிடலாம் வாங்க!"

"உடைச்சா மூணு பேரும் ஒண்ணாச் சேந்து நம்மளை உடைப்பாங்க. கௌரவம் போற இடத்துல ஒருத்தரும் உண்மை பேசமாட்டாங்க. நாம சொல்லக்கூடாது, போங்சிக். அவங்களே சொல்லணும். நீ மூணு வீட்டுக்கும் திரும்பிப் போ. ரொம்ப ருசியா இருந்துச்சு, வழிக்குக் கட்டிக் குடுங்கன்னு கேளு."

"என் வாழ்க்கையிலேயே கடமையும் ஆசையும் ஒத்துப்போற முதல் வேலை இதுதான்" என்று போங்சிக் ஓடினான்.

மன்றத்தின் சூடேற்றிய தரையில் ஊர் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது. வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. விருந்தினர் இடத்தில் மேலாளர் தோ ஜெயுன். இஸ்திரி கலையாத சட்டை, சுருக்கம் காணாத முகம். அவர் பக்கத்தில் ஊராருக்குக் கொடுப்பதற்காக அழகுப்பொருள் பெட்டிகள் கோபுரமாக அடுக்கியிருந்தன. குடிக்க நீரில்லாத மக்களுக்கு நீரில்லாத சோப்பு! அன்பளிப்பு என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்? மூலையில் தலைகுனிந்தபடி கியோங்தெ. அவருக்கெதிரே மேசைமேல் கம்பிச் சுருளும் முத்திரையும் தயாராகக் கிடந்தன.

"ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன விளையாட்டு" என்று எழுந்தார் யோன்சுக். நான்கு வெள்ளைத் தட்டுகளை நடுவில் வைத்தார். "நாலு வீட்டுக் கிம்ச்சி. பேரு தட்டுக்கு அடியில இருக்கு. அவங்கவங்க கைப்பக்குவத்தை அவங்கவங்க கண்டுபிடிக்கணும். முதல்ல தலைவியம்மா."

கூட்டம் சிரித்தது. "மால்சுன் அக்காவுக்குக் கண்ணைக் கட்டினாலும் தெரியும்!" என்று ஒரு குரல் எழுந்தது.

மால்சுன் சாப்பாட்டுக் குச்சிகளை எடுத்தார். முதல் தட்டு. இரண்டாம் தட்டு. மூன்றாம் தட்டு. மென்றார்; மீண்டும் முதல் தட்டுக்கு வந்தார். நான்காவதைத் தொட்டதும் அவர் முகத்தில் ஓர் அதிர்ச்சி ஓடியது. புளிப்பு! குளிர்காலத்துக்கே உரிய, நாக்கின் ஓரத்தைக் கிள்ளும் அந்த நிஜமான புளிப்பு!

"இது யாருது?" என்றார்.

"கியோங்தெ வீட்டோடது."

மால்சுன் குச்சிகளை மேசைமேல் வைத்தார். இத்தனை ஆண்டுப் பெருமை ஒரு பக்கம். மூலையில் தலைகுனிந்த ஒரு மனிதனின் பிழைப்பு மறுபக்கம். நிமிர்ந்தபோது அவர் கண்கள் சிவந்திருந்தன.

"இதுல எதுவுமே என்னோடது இல்ல" என்றார். "டவுன்ல வாங்கினேன். நான் போட்டது பெட்டி பெட்டியா ஃப்ரிட்ஜ்ல கிடக்குது. ஒரு இணுக்கு புளிக்கல. மருமக கை பட்டதுதான் காரணம்னு அவளைத் திட்டினேன். அழுதுக்கிட்டே பொறந்த வீட்டுக்குப் போயிட்டா, பாவி நான்..."

"ஐயோ மால்சுன் அக்கா, எங்க வீட்டுலயும் அதே கதிதான்!" என்று சாங்கு அம்மா வீறிட்டார். "நான் உப்பு வித்தவனோட சண்டைக்குப் போனேன்!"

"நான் ஃப்ரிட்ஜ் ரிப்பேர்னு ஆள் கூப்பிட்டேன்" என்றார் தபால்காரர் மனைவி. "வந்தவன் ஃப்ரிட்ஜ் நல்லாத்தான் இருக்குன்னுட்டான். அவனையும் திட்டி அனுப்பினேன்!"

அதன்பிறகு பெண்கள் பக்கம் மடை திறந்தது. ஒவ்வொரு வீடாக வாய் திறந்தது. போங்சிக் தலையில் கை வைத்துக்கொண்டான். "மொத்த ஊரும் ஒரே கடையில வாங்கியிருக்கு. கடைக்காரன் இந்நேரம் மாடி கட்டியிருப்பான்!"

"கோஸை எங்க கழுவினீங்க?" என்று யோன்சுக் கேட்டார்.

"ஓடையில!" என்றன பல குரல்கள்.

"கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிருங்க வேலை செஞ்சாத்தான் கிம்ச்சி புளிக்கும். அதுங்களைக் கொல்ற ஏதோ ஒண்ணு அந்தத் தண்ணியில இருக்கு. போங்சிக், அதைக் கொண்டா."

ஓடையிலிருந்து சற்றுமுன் மொண்டு வந்த வாளியைப் போங்சிக் நடுவில் வைத்தான். மால்சுன் கையை விட்டார். விட்ட வேகத்தில் வெடுக்கென்று உருவிக்கொண்டார். "ஐஸ் மாதிரி இருக்கு!"

"இன்னிக்கு ஞாயிறு. நீங்கதானே சொன்னீங்க, மலைச்சாமிக்கு லீவுன்னு?" யோன்சுக் மெல்லத் திரும்பினார். "மேனேஜர் சார், உங்க ஆலைக்கு எந்தக் கிழமை லீவு?"

தோ ஜெயுன் புன்னகை மாறாமல் சொன்னார்: "ஞாயிறுதான். எல்லாருக்கும் ஞாயிறுதானே? அதுக்கும் ஊற்றுக்கும் என்ன சம்பந்தம்? எங்க ஆலை நீரே இல்லாத..."

"எம் புள்ளைங்க அந்தத் தண்ணியில குளிச்சாங்களே!" பின்வரிசையிலிருந்து ஓர் இளம் தாய் கதறியபடி எழுந்தாள். "அதுல என்ன விஷம் இருக்கு? சொல்லுங்க, என்ன விஷம்?"

"விஷம் கிடையாதும்மா, பயப்படாதீங்க!" மேலாளர் பதறிப்போய்க் கை உயர்த்தினார். "தொட்டி கழுவுற மருந்து அது. மனுஷங்களுக்கு ஒண்ணும் ஆகாது!"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே விளங்கியது.

"நீரே இல்லாத ஆலையில எந்தத் தொட்டியை சார் கழுவுறீங்க?" என்றார் யோன்சுக். "எந்தத் தண்ணியில?"

கியோங்தெ முதன்முறையாகத் தலை நிமிர்ந்தார். "போன வசந்தத்துல ஆலைக்குள்ள ஒரு போர்வெல் போட்டாங்க. தீப்பிடிச்சா அணைக்கன்னு சொல்லித்தான் ஊர்ல சம்மதம் வாங்கினாங்க."

"ஞாயித்துக்கிழமை தவிர தினமும் தீப்பிடிக்குது போல" என்றான் போங்சிக்.

தோ ஜெயுன் சட்டைக் கைகளைச் சரி செய்துகொண்டார். முகமூடி கழன்ற பிறகு வரும் அந்தக் குளிர்ந்த நிதானம் அவர் குரலில் வந்து அமர்ந்தது. "சரி. தூளுக்கான மாசிபத்திரி மூலிகையைக் கொதிக்க வைக்கத் தண்ணி வேணும். கொதிச்சதை ஆவியாக்கினாத்தான் தூள் வரும். தொட்டியைக் கழுவியாகணும். ஆனா பெட்டியில என்ன போட்டிருக்கோம்? 'இந்தப் பொருளில் நீர் இல்லை.' பிரிச்சுப் பாருங்க. ஒரு சொட்டு காட்டிட்டீங்கன்னா நான் வேலையை விட்டுடறேன். நாங்க எங்கயாவது பொய் சொன்னோமா?"

இல்லை, ஐயா, சொல்லவில்லை! அங்கேதான் இருக்கிறது உங்கள் சாமர்த்தியம்! பொய் சொன்னால் சட்டம் பிடிக்கும். ஆகவே உண்மையிலிருந்தே ஒரு துண்டை நறுக்கி எடுத்துப் பெட்டிமேல் ஒட்டினீர்கள். பொருளில் நீர் இல்லை என்பது உண்மைதான். கிணற்றிலும் இல்லை, குழாயிலும் இல்லை, பசித்த பிள்ளையின் பால் கலக்கும் பாத்திரத்திலும் இல்லை! ஓர் ஊரின் குடிநீரைக் கொதிக்கவைத்து வானத்துக்கு அனுப்பிவிட்டு, அடியில் தங்கிய பொடியை எடுத்து 'நீரைச் சேமித்தோம்' என்று விலை பேசுகிறீர்கள். தொட்டி கழுவிய சூடான அழுக்கு நீரை ஓடையில் விட்டு, அதற்கு வெந்நீர் ஊற்று என்று பெயர் சூட்டி, வேலி போட்டு மறைத்து, வாழ்த்துப் பதாகையும் தைத்துக் கொடுத்தீர்கள். பறிகொடுத்தவர்கள் உங்கள் கழிவுநீருக்குப் பன்றித் தலை படைத்துக் கும்பிட்டபோது உங்களுக்குச் சிரிப்பை அடக்கச் சிரமமாக இருந்திருக்குமே!

மால்சுன் எழுந்து மேசையருகே போனார். கம்பிச் சுருளையும் முத்திரையையும் எடுத்தார். கியோங்தெயின் முன் வந்து நின்றார்.

"தம்பி, உன் கிம்ச்சி கொஞ்சம் உப்புக் கூடுதல்" என்றார். "ஆனா அதுதான் கிம்ச்சி. போ, போய் பம்பைப் போடு. சாயங்காலப் பனி இறங்கப் போகுது."

பிறகு வாசலுக்கு நடந்து ரப்பர் செருப்பை மாட்டினார். கையில் கம்பிச் சுருள். மலையடிவாரத்துச் சாலையில் அவர் முன்னே போக, சாங்கு அம்மாவும் தபால்காரர் மனைவியும் அவருக்கு இரு பக்கமும் தோளோடு தோள் உரசி நடந்தார்கள். ஊர் பின்னால் திரண்டது. ஆலையின் தீயணைப்புக் கிணற்றுக்கு ஒரு முத்திரை போய்க்கொண்டிருந்தது. போகிற போக்கில் யாரோ பதாகையின் கயிற்றை அறுத்தார்கள். அன்பளிப்புப் பெட்டிகள் பிரிக்கப்படாமல் அப்படியே நின்றன.

"அக்கா, அந்த நாலாவது தட்டு மிச்சம் இருக்கே..." என்றான் போங்சிக்.

"எடுத்துக்க" என்றார் யோன்சுக். அவர் பார்வை தூரத்துக் கூடாரங்களின்மேல் இருந்தது. அங்கே கியோங்தெயின் பம்பு உறுமியது. பிளாஸ்டிக் கூரைகளின்மேல் நீர் பரவி வழியத் தொடங்கியது.

வாசகப் பெருமக்களே, சாட்சியாக அழைத்தேன், வந்தீர்கள், கண்டீர்கள். கண்டுவிட்டு வாய்மூடி வீடு திரும்புவதற்கா உங்களை அழைத்தேன்? உங்கள் குளியலறை அலமாரியைத் திறவுங்கள். 'நீர் இல்லை' என்று மார்தட்டும் டப்பா அங்கே இருந்தால் கையில் எடுங்கள். விற்ற கடைக்காரனின் மேசைமேல் அதை வையுங்கள். செய்தவனின் பெயரைச் சொல்லி உரக்கக் கேளுங்கள்: இதற்காக எந்த ஊரின் நீரைக் கொதிக்க வைத்தாய்? எந்தத் தாயின் வாளியைக் காய வைத்தாய்? பக்கத்து வீட்டாரையும் அழைத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். தனியாக வெட்கப்பட்டது போதும்! பதில் வரும்வரை அந்த மேசையை விட்டு நகராதீர்கள்.